எட்டு வருட வெள்ளை பெல்ட்

திருச்சியில் எத்தனை வகை அடி கிடைக்குமோ அத்தனையையும் முறைப்படி பணிந்து வாங்கியவர் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் அலுவலகத்து டெஸ்பாட்ச் செக்‌ஷன் வெள்ளை பெல்ட். எட்டு வருடங்களில் ஏழு தற்காப்புக் கலைகளில் சேர்ந்து, ஏழிலும் கடைசி வரிசையிலேயே நின்றவர். கறுப்பு பெல்ட் வாங்கியவர்கள் இந்த ஊரில் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். இத்தனை வெள்ளை பெல்ட்டுகள் வைத்திருந்தவர் வேறு யாரும் கிடையாது. சிலம்பத்துக்கு பெல்ட் இல்லை என்று சொன்னபோது, அங்கே ஒரு வெள்ளைத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

வருகைப் பதிவேட்டில் அவருக்கும் ஒரு பெயர் உண்டு. செக்‌ஷன் சூப்பிரண்டென்ட் என்ற முறையில் நான் அதைத் தினமும் பார்த்தவன். இருந்தும் ஒரு நாள், "இது யாருய்யா, ஒரு நாள்கூட லீவ் போடாத ஆளு?" என்று அவரிடமே கேட்டேன். "நான்தாங்க சார்" என்றார் அவர், பணிவாக.

வயது ஐம்பத்தொன்று, என்னைவிட ஒன்று குறைவு. கல்யாணம் ஆகவில்லை. ஆடி மாதத்தில் பஸ் ஸ்டாப்பில் நின்றால் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு.

ஏழு கலைகளில் ஆறை அவர் முதல் தேர்வுக்கு முன்பே விட்டதற்குக் காரணம் ஒன்றுதான். அவரால் யாரையும் அடிக்க முடியாது. எடமலைப்பட்டி புதூரில், அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி சிலம்பம் கற்றபோது, எதிரே நின்றவர் கம்பை ஓங்கச் சொன்னார். இவர் ஓங்கிவிட்டு, "எந்தப் பக்கம் போடட்டுங்க?" என்று கேட்டார். அந்த மனிதர் சிரிக்கத் தொடங்கியதில் அன்றைய வகுப்பு முடிந்தது. தில்லைநகரில் குத்துச்சண்டைக்காரர்கள் பயன்படுத்தும் மணல் பையைக் குத்திவிட்டு, அது ஆடி நிற்கும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பாராம். உறையூர் ஜூடோவில் நிலைமை கொஞ்சம் மேல். அங்கே தூக்கி எறியப்படும் வேலையை மட்டும் பதினோரு மாதம் செய்தார்.

எனக்கு அவர் தேவைப்பட்டது சர்க்கரையால். ஸ்ரீரங்கத்தில் எங்கள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, உடம்பு வியர்க்க ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றார். நடைப்பயிற்சி எனக்கு ஒத்துவரவில்லை. கொள்ளிடக் கரையில் தினமும் அதே மூன்று பேர் எதிரே வந்து அதே விஷயத்தைப் பேசினார்கள். தற்காப்புக் கலை ஒன்றில் சேரலாம் என்று முடிவுசெய்து, டைரியில் ஒரு பட்டியல் போட்டேன். கலையின் பெயர், வீட்டிலிருந்து தூரம், வகுப்பு நேரம், அடிபட வாய்ப்புள்ள இடங்கள் என்று நான்கு பத்திகள். என் மனைவி அதை எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, நாலாவது பத்தியில எல்லாத்துக்கும் 'முழங்கால்'னே எழுதியிருக்கீங்களே. அப்புறம் எதை வெச்சுத் தேர்ந்தெடுக்கறது?"

நியாயமான கேள்வி. மறுநாள் டீ நேரத்தில் பட்டியலை வெள்ளை பெல்ட்டிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தபால் முகவரியைச் சரிபார்ப்பது போல வரி வரியாகப் படித்தார்.

"சார், கலையைப் பாத்து சேராதீங்க. தரையைப் பாத்து சேருங்க."

"தரையா?"

"நம்ம வயசுல முதல் ஆறு மாசம் விழுறதுதாங்க சார் பாடம். எங்க விழுறோம், விழுந்தா யார் வந்து தூக்குறாங்க, இந்த ரெண்டைப் பாத்தா போதும். ஞாயித்துக்கிழமை ரெடியா இருங்க, கூட்டிட்டுப் போறேன்."

அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஊரைச் சுற்றினேன். முதலில் ஏசி போட்ட கிக்பாக்ஸிங் கூடம். பயிற்சியாளர் இளவயதுக்காரர். என் எடையையும் உயரத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, மூன்று மாதத்தில் என்னை ஆளே மாற்றிவிடுவதாகச் சொன்னார். வெள்ளை பெல்ட் அதைக் கேட்கவேயில்லை. குனிந்து, தேங்காய் முற்றலா என்று பார்ப்பவர் போலத் தரையை விரலால் தட்டினார்.

"டைல்ஸ் சார். கிளம்புங்க."

அடுத்த இடத்தில் நல்ல ரப்பர் விரிப்பு. ஆனால் ஒருவர் விழுந்தபோது மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போனார்கள். அவர் தானே எழுந்து, தானே முதுகைத் தட்டிக்கொண்டார். "பாத்தீங்களா? தூக்க ஆள் இல்லை" என்று காதருகே சொல்லிவிட்டு, வெள்ளை பெல்ட் ஸ்கூட்டரைக் கிளப்பினார். லால்குடிப் பக்கம் ஒரு சிலம்ப வகுப்பு எனக்குப் பிடித்தது. அதற்கு அவருக்கு மறுப்பு இல்லை. "தரை பிரமாதம் சார். ஆனா ஆபீஸ் நேரத்துல ஒண்ணாம் நம்பர் பஸ்ல கம்போட ஏறிப் பாருங்க. நீங்க தற்காப்பு கத்துக்க வேண்டாம், மத்தவங்க கத்துக்குவாங்க."

கடைசியாக அழைத்துப் போன இடம் என் வீட்டிலிருந்து எட்டு நிமிட நடை. கொள்ளிடக் கரையை ஒட்டிய ஒரு பள்ளி மைதானம், கராத்தே வகுப்பு, காலடியில் நல்ல மணல். கற்றுத் தருபவர் ஒரு பெண்மணி, வேறொரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. எல்லோரும் மேடம் என்றார்கள். ஒருவர் விழுந்தார், மூன்று கைகள் நீண்டன. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் வெள்ளை பெல்ட் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசையில் போய் நின்றிருந்தார்.

"இங்கதாங்க சார் இப்ப நான் இருக்கேன். முதல்லயே சொன்னா ஆள் பிடிக்கறேன்னு நினைப்பீங்க."

மறுநாளே சேர்ந்தேன். என் பெல்ட்டை அவர்தான் கட்டிவிட்டார். முடிச்சை இழுத்துச் சரிபார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க சார். டிரெஸ்ஸை எத்தனை தடவை வேணா துவைங்க. பெல்ட்டை மட்டும் துவைக்கவே கூடாது. கத்துக்கிட்டதெல்லாம் தண்ணியோட போயிடும்."

"நீங்க துவைச்சிருக்கீங்களா?"

"எட்டு வருஷமா தண்ணி காட்டலை சார்." அவருடைய பெல்ட்டின் நிறத்தை வெள்ளை என்று சொன்னது மரியாதைக்காகத்தான்.

நான் சேர்ந்து மூன்று மாதம் ஆனபோது மேடம் 'சார்' என்று அவரைத் தனியாக அழைத்தார், அவரும் வழக்கம்போலக் குனிந்து வணங்கினார். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. ரெண்டு டெஸ்ட்டுக்கு லீவ் போட்டுட்டீங்க. உங்களைப் பாத்து மத்தவங்களும், 'பரவாயில்லை மேடம், நாங்களும் வெள்ளையிலேயே இருந்துக்கறோம்'ங்கறாங்க. இந்தத் தடவை நின்னு பாஸ் பண்ணுங்க. இல்லேன்னா அடுத்த மாசத்துலேர்ந்து வர வேண்டாங்க."

அன்று அலுவலகத்தில் அவர் ஒரே உறையில் இரண்டு முறை முத்திரை குத்தினார். அவர் பணிக்காலத்தில் நடக்காத விஷயம். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வேற எங்கயாவது சேந்துக்கலாமே?"

"திருச்சியில எல்லா இடத்துலயும் ஒரு தடவை நின்னுட்டேன் சார். இனிமே மணப்பாறைதான் போகணும்." முத்திரைக் கட்டையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "காலையில கிளாசுக்கு வர பதினாறு பேரும் எனக்கு எதிர்ல நின்னு குனிஞ்சு வணக்கம் சொல்றாங்க. நானும் சொல்றேன். வேற எங்க சார் எனக்கு யாரு அப்படிச் சொல்றாங்க?"

அதே அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பவன் நான்.

தேர்வுக்கு மேடம் ஒரு தாள் ஒட்டியிருந்தார். அதில் மூன்றாவது வரி: 'ஜோடியாக நின்று, ஒருவருக்கு மூன்று குத்து.' ஐம்பது தாண்டியவர்கள் நாங்கள் இருவர்தான் என்பதால் நாங்களே ஜோடி. இருவரும் சுற்றறிக்கை படித்தே வளர்ந்தவர்கள். எழுதியிருந்தால் செய்ய வேண்டும், விளக்கம் கேட்கக் கூடாது. அவருக்குக் குத்தக் கற்றுக்கொடுத்தே தீருவது என்று முடிவுசெய்தேன். கடைசி ஒரு வாரம் காலை வகுப்பை விட்டுவிட்டு, அலுவலகத்துக்கு முன்னதாகப் போய் ரெக்கார்டு ரூமில் பயிற்சி.

பழைய ஃபைல் கட்டு ஒன்றை அவர் முன்னால் பிடித்தேன். கை வேகமாக வந்து, கட்டுக்கு முன்னால் நின்றது.

"ஏன்?"

"இதுல பென்ஷன் கேஸ் இருக்கு சார்."

வேறு கட்டை எடுத்தேன். அதில் யாரோ ஒருவருடைய வாரிசுச் சான்றிதழ் இருந்தது. கடைசியில் என் மார்பையே காட்டினேன். "நீங்க சுகர் பேஷன்ட் சார்" என்றார். அந்த வாரம் முழுக்க ஃபைல்களைக் குத்தியது நான் மட்டும்தான். எனக்கு நன்றாகவே வந்தது.

தேர்வு நாளன்று வெளியூரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். கறுப்பு பெல்ட் நைந்து, உள்நூல் தெரிந்தது. எங்களை எதிரெதிரே நிறுத்தினார்கள். முதலில் என் முறை. ரெக்கார்டு ரூமில் செய்தபடியே மூச்சை இழுத்து, மார்பைக் குறிவைத்து, முழு பலத்தோடு விட்டேன். குறியில் தவறு இல்லை. ஆனால் பெரியவர் அதே நொடியில், "ரெடியா சார்?" என்று வெள்ளை பெல்ட்டைப் பார்த்துக் கேட்டுவிட்டார். சார் என்று யாராவது கூப்பிட்டால் குனிந்து வணங்குவது வெள்ளை பெல்ட்டின் வழக்கம். மார்பு இருந்த இடத்துக்கு மூக்கு வந்தது.

"சாரி சார்" என்றார் அவர், மூக்கைப் பிடித்துக்கொண்டு. "குனிஞ்சிட்டேன்."

மேடம் ஓடி வந்தார். "என்னங்க சார் இது! தொடக் கூடாதுன்னு போன வாரம் பூரா சொல்லிக் கொடுத்தேனே! முழு வேகத்துல வந்து, ஒரு விரல் இடைவெளியில நிக்கணும். அதுதானே டெஸ்ட்டு!"

போன வாரம் முழுக்க நாங்கள் ரெக்கார்டு ரூமில் இருந்ததை நான் சொல்லவில்லை.

இரத்தம் நிற்க ஆறு நிமிடம் ஆயிற்று. பிறகு அவர் முறை. மூக்கில் பஞ்சோடு எதிரே வந்து நின்றார். அவர் கை தோளிலிருந்து கிளம்பியதுதான் எனக்குத் தெரியும். என் மார்புத் துணி காற்றில் அசைந்தது. கை தொடவில்லை. "சாரி சார்." இரண்டாவது முறை, அதே இடம். "சாரி சார்." மூன்றாவது முறை கையை அப்படியே வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் பெரியவர் எழுந்து வந்தார். முஷ்டிக்கும் என் சட்டைக்கும் நடுவில் தன் ஆள்காட்டி விரலை நுழைத்துப் பார்த்தார். விரல் சரியாக உள்ளே போனது. அதற்கு மேல் ஒரு காகிதம்கூடப் போகாது.

"எவ்ளோ நாளா பழகுறீங்க?"

"எட்டு வருஷங்க. எட்டு வருஷமா அடிக்கவே வரலைங்க ஐயா."

"வர வேண்டாம். அப்படியே வெச்சுக்கங்க" என்றார் பெரியவர்.

அவருக்கு மஞ்சள் பெல்ட். என் தாளில் சிவப்பு மையில் 'கட்டுப்பாடு இல்லை' என்று எழுதியிருந்தது. இருபத்தாறு வருடப் பணியில் என்னைப் பற்றி எழுதப்பட்ட ஒரே பாதகமான குறிப்பு அது.

கராத்தேயில் பெல்ட் நிறப்படிதான் வரிசை. வெள்ளை கடைசியில், மஞ்சள் அதற்கு முன்னால். எங்களோடு தேர்வு எழுதிய மற்ற வெள்ளைகள் எல்லாம் தேறிவிட்டதால், அடுத்த திங்கட்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்குக் கடைசி வரிசையில் நான் ஒருவன்தான் நின்றேன். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வெள்ளை பெல்ட் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக என் பக்கத்தில் வந்து நின்றார். இடுப்பில் அதே பழைய பெல்ட். மேடம் பார்த்தார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மஞ்சள் எங்கய்யா?" என்று கேட்டேன்.

"துவைச்சுப் போட்டிருக்கேன் சார். காயலை."

திருச்சி வெயிலில் ஜமுக்காளமே ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அந்த பெல்ட் மட்டும் நான்கு மாதமாக ஈரமாகவே இருக்கிறது.