பென்ஸ் புராணிகரின் கட்டை விரல்

கார் வைத்திருப்பவர்களால் ஊருக்கு வரும் தொல்லை கொஞ்சம்தான்: புழுதி, ஹாரன், அவ்வளவு. காரே இல்லாமல் காரைப் பற்றிப் பேசுகிறவர்களால் வரும் தொல்லைக்குத்தான் இன்னும் யாரும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. இந்த இனத்துக்குப் பென்ஸ் புராணிகர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ராணிப்பேட்டையில் தொடங்கி நாட்றம்பள்ளி வரை, பெங்களூர் ரோட்டின் இரண்டு பக்கமும், எங்கெல்லாம் தோல் ஊறும் வாடை மூக்கைப் பிடிக்க வைக்கிறதோ அங்கெல்லாம் இவர் விளைவார். இங்கிருந்து தோல் கப்பலேறி ஜெர்மனிக்குப் போகிறது. பதிலுக்கு அங்கிருந்து கெமிக்கல் டிரம்மும், வருஷத்துக்கு ஒருமுறை தோல் வாங்கும் வெள்ளைக்காரரும், அவர் கையில் பென்ஸ் படம் போட்ட ஒரு பளபளப்பான காலண்டரும் வருகின்றன. அந்தக் காலண்டரிலிருந்துதான் புராணிகர் பிறக்கிறார்.

உங்களுக்கு இவரைத் தெரியாமல் இருக்காது. பைபாஸ் டீக்கடையில் நிற்கிறார். தூரத்தில் ஒரு பென்ஸ் தெரிகிறது. உடனே டீ கிளாஸைக் கீழே வைத்து, மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு, பள்ளிக்கூடத்தில் கொடியேற்றும்போது நிற்கிற மாதிரி நிற்கிறார். கார் போய், அது கிளப்பிய தூசியும் அடங்கிய பிறகு மூன்று விரலை உயர்த்தி, "மூணு முனை ஸ்டாரு. இன்னான்னு தெரியுமா? தரை, தண்ணி, ஆகாசம்," என்கிறார். நீங்கள் கேட்டீர்களா? கேட்கவில்லை. கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்று சட்டமா என்ன? காருக்குள் போன முதலாளியோ பின் சீட்டில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு போகிறார். அந்தக் காரின் சரித்திரத்தில் ஒரு வரி அவருக்குத் தெரியாது. வாங்குகிறவனுக்குச் சரித்திரம் எதற்கு? வாங்க முடியாதவனுக்குத்தான் அது வேண்டும்.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பெயர் ஏசுராஜ். ஆம்பூரில் அப்துல் சமத் சாயபுவின் டேனரியில் செலக்‌ஷன் மேஸ்திரி. பதனிட்டு வந்த தோலை மேஜைமேல் விரித்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது ஆகாது என்று பிரிக்கிற வேலை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அவருடைய வலது கட்டை விரலைக் கேலி செய்ய நமக்குத் தைரியம் கிடையாது. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு தோலைக் கையில் கொடுத்தால், ஒரே தடவலில், ஆடா மாடா, உண்ணி கடித்த இடம் எது, முள்வேலி கீறிய இடம் எது, உப்பு போதாமல் கெட்டது எது என்று அந்த விரல் கண்டுபிடித்துவிடும். அப்போது அவர் வாயிலிருந்து வருவது மூன்றே சொற்கள். "ஏ." "பி." "தள்ளு." சாயபு தோலைப் பார்ப்பதில்லை, ஏசுராஜின் விரலைத்தான் பார்ப்பார்.

தெரிந்த விஷயத்தில் மூன்று சொல். தெரியாத விஷயத்தில் மூன்று மணி நேரம். இனத்தின் முதல் அடையாளம் இதுதான், குறித்துக்கொள்ளுங்கள்.

"ஆயிரத்தி எண்ணூத்தி எம்பத்தாறு," என்று ஆரம்பிப்பார், ஏதோ தானே பிரசவம் பார்த்த மாதிரி. "மூணு சக்கர வண்டிபா. ஊரே சிரிச்சுது. ரெண்டு வருஷம் கழிச்சு, அத செஞ்ச பென்ஸோட சம்சாரம் இன்னா பண்ணிச்சு? புருஷனுக்குச் சொல்லாம, ரெண்டு பசங்கள ஏத்திகினு, நூறு கிலோமீட்டர் தள்ளி அம்மா வூட்டுக்குப் போய்ட்டுது. பெட்ரோல் பங்க் ஏது அப்போ? மருந்துக் கடையில வாங்கி ஊத்திச்சு. வழியில பிரேக் கட்டை தேஞ்சுபோச்சு. விட்டுச்சா? செருப்பு தைக்கறவர்கிட்ட நிறுத்தி, கட்டை மேல தோல வெச்சு ஆணியடின்னு சொல்லிச்சு. உலகத்துல மொத பிரேக் லைனிங் இன்னா? தோலு!" இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி, சுற்றிலும் பார்த்து, குரலைத் தாழ்த்துவார். "அந்தத் தோலு எங்கேர்ந்து போயிருக்கும்? நம்மூருதான். வேற எவன்கிட்ட கீது அந்த மாதிரி சரக்கு?"

இந்தப் புராணத்தைத் தினமும் காலையில் கேட்கிற பாக்கியம் அவர் மனைவி ஜெயபுஷ்பத்துக்கு வாய்த்திருந்தது. வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். அவரை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும் டிவிஎஸ் பிப்டிக்குப் போன கிறிஸ்துமஸிலிருந்து பிரேக் கிடையாது. ஏசுராஜ் இரண்டு காலையும் தரையில் தேய்த்துத்தான் வண்டியை நிறுத்துவார். மாதத்துக்கு ஒரு ஜோடி செருப்பு போயிற்று.

"அந்தம்மாவாவது பாதி வழியில நிறுத்தி தோல வெச்சு அடிச்சுது," என்பார் ஜெயபுஷ்பம், இறங்கிப் புடவையை உதறிக்கொண்டே. "நீங்க தோல் ஷாப்புலயே வேலை செய்றீங்க. எப்பங்க அடிக்கப் போறீங்க?"

புராணத்தில் டிவிஎஸ் பிப்டிக்கு அத்தியாயம் இல்லை. மகள் பிறந்தபோது ஞானஸ்நானத்தில் மெர்சிடிஸ் என்று பெயர் வைக்கப் பார்த்தவர் அவர். "இது பைபிள்ல எங்க வருது?" என்று பாஸ்டர் கேட்க, "பைபிளுக்கு அப்புறம் வந்ததுங்க ஐயா," என்றார். ஜெயபுஷ்பம் குறுக்கே விழுந்து இவாஞ்சலின் என்று எழுதவைத்துக் குழந்தையைக் காப்பாற்றினார்.

புராணத்தின் உச்சி, மாடு. "ஜெர்மனி மாட்டுத் தோல்ல ஒரு கீறல் காட்டு பாக்கலாம். அங்க முள்வேலியே கெடையாது, உண்ணி கெடையாது. மாட்டுக்குப் பாட்டு போடறான்பா, பாட்டு." கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். யார் போய்ப் பார்த்தது?

இதுவரை சிரித்தாயிற்று. இனிமேல் கொஞ்சம் எரிச்சல் வரும்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம். கழிவுநீர்ப் பிரச்சினையில் பல மாதம் மூடிக்கிடந்த டேனரி பாதி உயிரோடு திறந்திருந்தது. இரண்டாவது ஷிப்ட் நின்றுபோய் அறுபது பேர் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். செலக்‌ஷன் மேஜையில் ஏசுராஜுக்கு உதவியாக நின்ற ஆரோக்கியமேரியின் வீட்டுக்காரரும் அந்த அறுபதில் ஒருவர். அப்போதுதான் ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்தது: கார் சீட்டுக்கான மாட்டுத் தோல் வேண்டும், சாம்பிள் பார்க்க நேரில் வருகிறேன் என்று தோல் வாங்கும் பையர் ஒருவர் எழுதியிருந்தார். அந்த ஆர்டர் கிடைத்தால் அறுபது பேரையும் திரும்பக் கூப்பிடலாம். கிடைக்காவிட்டால் மிச்சமிருக்கிறவர்களுக்கும் சந்தேகம்தான். சாயபு ஒரு காரியம் செய்தார். பையரை அழைத்துவர, சென்னையில் ஒரு தரகர் மூலம், பதின்மூன்று வருஷப் பழைய பென்ஸ் ஒன்றை வாங்கி வந்து டேனரி வாசலில் நிறுத்தினார்.

"ஏசுராஜ், இதான் அவனுங்க சீட்டு," என்றார் சாயபு. "இதே மாதிரி தோலு நம்ம செஞ்சு காட்டணும். நீ கை வெச்சுப் பாரு. நீ சரின்னா இதையே ஸ்டாண்டர்டா வெச்சுக்கலாம். அறுபது குடும்பம்பா, பாத்து சொல்லு."

ஏசுராஜ் செருப்பைக் காருக்கு வெளியே கழற்றினார். கையைச் சட்டையில் துடைத்தார். வாழ்க்கையில் முதல் முறையாகப் பென்ஸுக்குள் உட்கார்ந்து, கட்டை விரலைச் சீட்டின்மேல் வைத்தார்.

விரல் அதே கணத்தில் சொல்லிவிட்டது: தள்ளு.

மாட்டுத் தோல் என்றால் முதுகு ஒரு மாதிரி இருக்கும், வயிறு ஒரு மாதிரி இருக்கும், கழுத்துப் பக்கம் சுருக்கம் இருக்கும், மயிர்க்கால் இருக்கும். இது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே வழவழப்பு. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த விரல் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. ஏசுராஜுக்கு அது நன்றாகவே கேட்டது. ஆனால் நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு வெளியே, பானெட்டின் நுனியில், மூன்று முனை நட்சத்திரம் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. தினக்கூலி விரலுக்குப் பென்ஸைப் பற்றி என்ன தெரியும்?

"ஏ," என்றார். அது போதாதென்று, "ஏக்கும் மேல, மொதலாளி," என்றார்.

அன்று முதல் டேனரியில் நல்ல தோலுக்குக் கெட்ட காலம். மயிர்க்கால் தெரிந்தால் தள்ளு. கழுத்துச் சுருக்கம் தெரிந்தால் தள்ளு. முதல் தரத்திலும் முதல் தரமான தோல்களெல்லாம் மூலையில் குவிய, பூச்சுமேல் பூச்சு அடித்து, மெஷினில் அழுத்தி, மாட்டின் வாசனையே இல்லாமல் வழித்தெடுத்த தோல்கள் மட்டும் மேஜையில் மிஞ்சின. சாயபு தினமும் அந்தக் காரில் வந்து, முதுகைச் சட்டையோடு சீட்டிலிருந்து பிய்த்தெடுத்து இறங்கினார்.

"இன்னா ஏசுராஜ், முதுகு ஒட்டுதே? பேஜாரா கீது."

"அது ஜெர்மனிக் குளிருக்கு செஞ்சது மொதலாளி. சூட்ட வெளிய விடாது."

எத்தனை அழகான விளக்கம் பாருங்கள். உண்மைக்கு ஒரு விளக்கமும் தேவைப்படாது. பொய்க்குத்தான் தினம் ஒன்று வேண்டும்.

ஆரோக்கியமேரி ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் காரண்டை போய், சீட்டின் ஓரத்தில் விரலை நுழைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அண்ணா, அது தோல் இல்லண்ணா. ரெக்சின். அடியில துணி கீது."

"ஜெர்மன்காரன் தோலுக்கு லைனிங் குடுப்பான்."

"ஒருவாட்டி தூக்கிப் பாருங்கண்ணா. இவ்ளோ நல்ல சரக்கத் தள்றோம். எங்க வூட்டுக்காரரு நாலு மாசமா சும்மா குந்திகினு கீறாரு."

பெண்பிள்ளை, ஐந்து வருஷ சர்வீஸ், காலண்டர்கூடப் பார்க்காதவள், பென்ஸைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறாள்! ஏசுராஜுக்குக் கோபம் வந்தது. கோபம் மட்டுமல்ல அது. அவள் சொன்னதைத்தான் அவர் விரல் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது; விரலின் வாயை அடைக்க முடியாது, அவள் வாயை அடைக்கலாம். மறுநாளே அவளை மேஜையிலிருந்து எடுத்து, ஓரம் வெட்டும் இடத்துக்கு அனுப்பினார். தெரியாமல் செய்தவனை மன்னிக்கலாம். தெரிந்தும் செய்த இந்த மனுஷனை எப்படி மன்னிப்பது?

பையர் வந்தார். அறுபது வயது, பேச்சே இல்லாத ஆள். கோட்டைக் கழற்றிவிட்டு, சாம்பிள் தோல்மேல் வலது கட்டை விரலை வைத்தார். அந்த விரலை ஏசுராஜுக்குத் தெரியும். அதுவும் தோல் பிரிக்கிற விரல். அடுத்த தோல், அதற்கடுத்த தோல். ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"மொதலாளி, நம்ம கார் சீட்டக் காட்டுங்க. அதே மாதிரிதான் செஞ்சோம்னு சொல்லுங்க," என்றார் ஏசுராஜ், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு.

காட்டினார்கள். பையர் விரலை வைத்தார், எடுத்தார். "பிளாஸ்டிக்," என்றார். பிறகு, ஆரோக்கியமேரி கெஞ்சிக் கேட்ட அதே காரியத்தைச் செய்தார்: சீட்டின் ஓரத்தைத் தூக்கினார். அடியில் துணி இருந்தது. துணியில், சென்னையில் யாரோ சீட் கவர் தைப்பவருடைய முத்திரை இருந்தது, தமிழில், போன் நம்பரோடு. காரை விற்றவர் எப்போதோ பழைய சீட்டைக் கிழித்துப்போட்டுவிட்டு, மலிவாக ரெக்சின் அடித்திருந்தார். சாயபு அதைச் சத்தமாகப் படித்தார். நம்பரையும் சேர்த்து.

பையர் திரும்பி நடந்து, மூலையில் கிடந்த குவியலில் ஒரு தோலை இழுத்து விரித்தார். மயிர்க்கால், கழுத்துச் சுருக்கம், எல்லாம் இருந்தது. விரல் ஒரு தடவு தடவியது. "ஏ," என்றார். இன்னொன்று. "ஏ." இதையெல்லாம் யார் தள்ளியது என்று ஆங்கிலத்தில் கேட்டார். சாயபு வழக்கம்போல ஏசுராஜின் விரலைப் பார்த்தார். அது மடக்கிய கைக்குள் ஒளிந்திருந்தது.

"மேரியக் கூப்புடு," என்றார் சாயபு. ஏசுராஜை விட்டால் அந்த மேஜையில் தோல் பார்க்கத் தெரிந்தவள் அவள்தான்.

ஆர்டர் வந்தது. அறுபது பேரும் திரும்பினார்கள். இப்போது அந்த மேஜையில் கடைசி வார்த்தை ஆரோக்கியமேரியுடையது. அவள் "ஏ" என்றால் ஏசுராஜ் சாக்பீஸால் ஏ என்று எழுதுவார். அவளும் அவரை ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? ஒரு மாதம் அந்த டீக்கடைப் பக்கமே போகவில்லை. டிவிஎஸ் பிப்டிக்குப் பிரேக்கூடப் போட்டார். அதற்கப்புறம் ஒருநாள் பைபாஸ் டீக்கடையில் ஒரு பென்ஸ் போயிற்று. கிளாஸைக் கீழே வைத்தார். லுங்கியை இறக்கினார்.

"பென்ஸ்ல அடிச்சா ரெக்சின்கூட நம்ம கைய ஏமாத்திடுதுபா," என்றார். "அதான் ஜெர்மன்காரன் மூளை!"

தலையாட்டியவர்கள் ஏழு பேர்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்த அம்மாள் நூறு கிலோமீட்டர் போய்ப் பிரேக்குக்குத் தோல் அடித்தது நிஜமாக நடந்தது. அந்தத் தோல் நம் ஊரிலிருந்து போனது என்பது ஏசுராஜின் கைச்சரக்கு. அவர் குரலைத் தாழ்த்தி அதைச் சொன்னபோது, இருக்காது என்று உங்களுக்குள் ஒன்று சொல்லியிருக்கும். ஆனாலும் உங்கள் நெஞ்சு ஒரு அங்குலம் நிமிர்ந்ததா இல்லையா?

கையை ஏன் மடக்குகிறீர்கள்? கட்டை விரலைக் காட்டுங்கள்.