வாய்க்காலோடு போன வரவேற்பு மேடை

கல்யாண வீட்டில் நம் தலையில் கட்டிய வேலையைச் சொதப்பினால் போனால் போகிறது என்று விட்டுவிடுவார்கள். "என்கிட்டே கொடுங்க" என்று கேட்டு வாங்கிய வேலையைச் சொதப்பினால் ஆயுசுக்கும் பேசுவார்கள். நான் கேட்டு வாங்கினேன்.

என் கொழுந்தனின் கல்யாண வரவேற்பு. மேடைக்கு ஓசூரிலிருந்து பெட்டி பெட்டியாகப் பூ வரவழைக்க அத்தை (என் மாமியார்) பேசி முடித்திருந்தார். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து அதிக நாள் ஆகவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தாவரவியல் டீச்சர் என்பதால் வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "ஐஸ்ல வச்சு லாரியில ஏத்தி அம்புட்டுத் தூரத்துலேருந்து பூ வரணுமா அத்தை? தாமிரபரணித் தண்ணி குடிச்சு வளர்ற நம்ம பூ என்ன பாவம் செஞ்சுது?" என்று ஆரம்பித்து ஒரு பீரியடே எடுத்துவிட்டேன்.

சும்மா சொல்லவில்லை. சேரன்மகாதேவி பக்கம் வாய்க்கால் ஓரத்தில் அத்தை வீட்டுக்கு வயல் உண்டு. அதில் ஒரு துண்டைக் கெஞ்சி வாங்கிக் கோழிக்கொண்டை, கேந்தி, சம்பங்கி, சூரியகாந்தி எல்லாம் போட்டிருந்தேன். எங்கள் பக்கம் பூ என்றால் கழுத்தோடு கிள்ளித் தொடுப்பதுதான் வழக்கம். நான் நீளத் தண்டோடு வெட்டி, ஜாடியில் நிற்க வைக்கிற மாதிரி வளர்த்தேன். பூச்சிமருந்து கிடையாது, சாணமும் வேப்பம்புண்ணாக்கும்தான். மொட்டு விட்டால்கூட போட்டோ எடுத்து என் வீட்டுக்காரருக்கு அனுப்புவேன். (அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்.)

கடைசியில் அத்தை இறங்கி வந்தார். "சரி, ஓசூர்க்காரன்ட்ட வேண்டாம்னு சொல்லிருதேன். மேடை ஒம் பொறுப்பு. சம்பந்தி வீட்டு ஆளுக முன்னால என்னயத் தலகுனிய வச்சிராத, என்ன?"

வரவேற்புக்கு முதல் நாள் சாயங்காலம் தோட்டத்தையே மொட்டையடித்துவிட்டேன். வெட்டிய பூவைத் தண்ணீரில் நிறுத்தி வைத்தால்தான் மறுநாள் நிமிர்ந்து நிற்கும். அத்தனைக்கும் வாளிக்கு எங்கே போக? அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. நடவுக்கு முன்னால் நாற்றுக்கட்டுகளை (நாற்றுமுடி என்போம்) வாய்க்காலில் போட்டு வைப்பார்கள் அல்லவா, அதே மாதிரி பூவையும் வாழைநாரால் முடிமுடியாகக் கட்டி, கணுக்கால் அளவு தண்ணீர் கிடந்த வாய்க்காலில் வரிசையாக நிறுத்தினேன். சிவப்பும் மஞ்சளுமாக அதைப் பார்க்க எனக்கே பெருமை தாங்கவில்லை.

அந்த நேரத்தில் வீட்டுக்காரருக்கு ஒரு போன். பேசிவிட்டு, "நாளைக்கு விடிய நம்ம வாய்க்காலுக்கு முறையாம். தண்ணி தொறக்காவளாம்" என்றார்.

"நல்லதாப் போச்சு, பூவுக்குப் புதுத் தண்ணி" என்றேன்.

அவரும் சந்தோஷமாகத் தலையாட்டினார். (அவர் இன்ஜினீயர்.)

காலையில் போய்ப் பார்த்தால் வாய்க்கால் இரண்டு கரையையும் முட்டிக்கொண்டு ஓடுகிறது. பூ ஒரு முடி இல்லை. ஓசூர்ப் பூவையும் வேண்டாமென்று சொல்லியாகிவிட்டது. கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அத்தையிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது.

"எந்தி. தண்ணி போற வழிதான பூவும் போயிருக்கும்" என்று வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுத்தார். கரையோடு போனோம். முதல் திருப்பத்தில் ஓர் எருமை என் சூரியகாந்தியை ரசித்து மென்றுகொண்டிருந்தது. அடுத்த ஊர்ப் பாலத்தில் ஒரே கூட்டம். பாலத்தடி மதகு ஷட்டரில் என் பூமுடிகள் எல்லாம் வந்து அடைத்துக்கொண்டு நின்றன. ஒருத்தரும் தொடவில்லை.

"யாரும் கிட்டப் போயிராதீய!" என்று ஓர் அம்மாள் குடத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அதட்டினார். (பெயர் இசக்கியம்மாள் என்று பிறகு தெரிந்தது.) "எவளோ கழிப்பு கழிச்சு விட்டிருக்கா. சேப்புப் பூவாப் பாத்து, முடிச்சுப் போட்டு, வெள்ளிக்கிழமையும் அதுவுமா!"

வீட்டுப் பீடையைக் கழித்து ஓடுகிற தண்ணீரில் விட்டுவிடுவார்கள், அதைத் தொட்டவர்களோடு பீடை போய்விடும் என்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பூவைக் கண்ட வேகத்தில் வாய் முந்திக்கொண்டது.

"அது என் பூ!"

கூட்டம் திரும்பியது.

"நீயா விட்ட?"

"ஆமா, நேத்து நாந்தான் கட்டி எறக்குனேன்!"

"யாருக்கு?"

"என் கொழுந்தனுக்கு!"

கூட்டம் பைய பின்னால் நகர்ந்தது. ஒருத்தி பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். "அந்தப் பையன் மேல அப்படி என்னட்டி கோவம் ஒனக்கு?" என்று இசக்கியம்மாள் பாவமாகக் கேட்டார். எனக்குக் கைகொடுப்பதாக நினைத்து வீட்டுக்காரர், "எங் கூடப்பொறந்த தம்பிதாங்க" என்று எடுத்துக் கொடுத்தார்.

நல்லவேளை, ஸ்கூட்டர் பெட்டியில் கல்யாணப் பத்திரிகை ஒன்று மிச்சம் இருந்தது. அதை நீட்டி, அழுகையோடு அழுகையாக நடந்ததைச் சொன்னேன். இசக்கியம்மாள் பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், பாலமே அதிர்ந்தது. குடத்தை வைத்துவிட்டுச் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு அவர்தான் முதலில் தண்ணீரில் இறங்கினார். "கழிப்புன்னு சொன்ன வாயி, பிள்ளைய நல்லா இருன்னும் சொல்லணும்லா. எல்லாரும் எறங்குங்கட்டி!"

பாதிப் பூதான் தேறியது. அதைப் பார்த்துவிட்டு அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள். கொல்லையிலிருந்து அரளியும் நந்தியாவட்டையும் கிளை கிளையாக வந்தன. யாரோ ஒருவர் தென்னம்பாளைகளை வெட்டிக்கொண்டு வந்து போட்டார். லோடு ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டதும் அவர்கள்தான். அன்று காலைவரை என் முகத்தைக்கூடப் பார்த்திராதவர்கள். அன்றைக்கு என் மானத்தைக் காப்பாற்றியது நான் வளர்த்த பூ இல்லை, அவர்கள்தான். "எல்லாரும் சாயங்காலம் கட்டாயம் வரணும்" என்று கையைப் பிடித்துக் கூப்பிட்டேன். எல்லாரும் வந்தார்கள்.

மேடை நன்றாகவே இருந்தது. சூரியகாந்திகள் மட்டும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு யாரையோ குற்றம் சொல்கிற மாதிரி நின்றன. சாயங்காலத்துக்குள் கதை மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. சம்பந்தி வீட்டுப் பெரியம்மா ஒருவர் அத்தை பக்கத்தில் வந்து, "வாய்க்காலோட போன பூவாமே?" என்று இழுத்தார். நான் மேடைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தை வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டார். "ஆமா. தாமிரபரணியில முங்கி எந்திச்சு வந்த பூவாக்கும். இந்த மண்டபத்துல வேற யாரு இன்னைக்கு அப்படி வந்திருக்கா?"

பெரியம்மா அதற்கப்புறம் பந்தியில்தான் தென்பட்டார். நான் மேடைத் துணிக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த வீடு என் வீடாக ஆனது அந்த நிமிஷம்தான்.

இப்போது அந்தத் துண்டு வயல் முழுக்கப் பூதான். பாலத்து ஊரில் எந்த விசேஷம் என்றாலும் என் பூ போகிறது. வாளிகளும் நிறைய வாங்கிவிட்டேன். வீட்டில் சாவியோ கண்ணாடியோ காணவில்லை என்றால், "ஷட்டர்ல போய்ப் பாரு" என்பார் கொழுந்தன். இசக்கியம்மாள் தன் போனில் என்னை 'கழிப்பு டீச்சர்' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறார்.

போன மாதம் அத்தையின் கண்ணாடியைத் தேட, விளக்குப் போட்டுக்கொள்ள அவர் போனை எடுத்தேன். என்னுடைய தவறிய அழைப்பு ஒன்று திரையில் கிடந்தது. அங்கேயும் அதே பேர்தான்.