புருவம் இழந்த கபுகி நடிகர்

பெரிய பொய் சொல்லத் துணிவு வேண்டும். சின்னப் பொய்க்குப் பயம் மட்டும் போதும். துணிவு எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. பயத்துக்குக் குறைவே இல்லை. ஆகவே நான் சொன்னவை எல்லாம் சின்னப் பொய்கள்தான். அவற்றில் ஒன்று மூன்றே சொற்கள் நீளமானது. அதனால் எங்கள் வீட்டுச் சரஸ்வதி பூசையில் ஒரு ஜப்பானிய நடிகரின் முகம் பாழானது.

முதலில் அந்த நடிகர்கள் எப்படி எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

மகளுக்கு அப்போது ஏழு மாதம். எங்கள் நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் பழைய சாமான் விற்பனை. குழந்தை வண்டிலில் கிடந்து அவள் வீரிட்டு அழ, நான் அவளுக்கு என்ன வருத்தமாக இருக்கும் என்று கைபேசியில் தேடிக்கொண்டிருந்தேன். (தேடினால் எப்போதும் மூன்று நோய்கள் வரும். அதில் ஒன்று உலகத்தில் நாலு பேருக்குத்தான் இருக்கும். என் பிள்ளைக்கு அதுதான் என்று முடிவு செய்வேன்.) பக்கத்து மேசையில் ஒரு பெரிய படப்புத்தகம் விரிந்து கிடந்தது. வெள்ளை பூசிய முகம், அதன் மேல் சிவப்புக் கோடுகள், ஒரு கண் மூக்கைப் பார்க்க மறு கண் எங்களை முறைத்தது. மகள் அதைப் பார்த்தாள். அழுகை நின்றது. நான் பக்கத்தைப் புரட்டினேன். இன்னொரு முறைப்பு. அவள் சிரித்தாள்.

பாட்டு, பால், மருத்துவர் என்று எதனாலும் செய்ய முடியாததை அந்த மனிதர் ஒரு முறைப்பில் செய்துவிட்டார். புத்தகத்தை வாங்கிவிட்டேன்.

கபுகி என்பது ஜப்பானியரின் பழைய நாடகம். ஆண்களே பெண் வேடமும் கட்டுவார்கள். சொந்தப் புருவத்தை மெழுகால் மறைத்து, முகம் முழுக்க வெள்ளை பூசி, அதன்மேல் புதுப் புருவம் வரைவார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நடிகரின் பெயர் மகனுக்கும் சீடனுக்கும் கைமாறிக்கொண்டே போகும் என்பதும் அப்படித்தான். அது தெரியாத காலத்தில், பழைய மரஅச்சுப் படத்திலும் வண்ணப் புகைப்படத்திலும் ஒரே பெயரைக் கண்டு, அந்த ஆள் இருநூறு வயதிலும் நன்றாகவே இருக்கிறார் என்று நினைத்தேன். நான் பட்டம் பெற்றவள் என்பதை இங்கே சொல்லாமல் விடலாம்.

குழந்தையை அமைதிப்படுத்த வாங்கிய புத்தகம் ஒன்று. அதன் பிறகு வாங்கிய நாற்பது சொச்சமும் எனக்காகத்தான். படப்புத்தகங்கள், நடிகர்களின் படத்தொகுப்புகள், பழைய நாடக சஞ்சிகைகள் எல்லாம் எங்கள் ரொக்ஸ்பரோ வீட்டு அலுமாரியில் இரண்டு தட்டுகளைப் பிடித்துக்கொண்டன.

பிறகு என் மாமியார் எங்களோடு வந்து தங்கினார். வந்த வாரமே அலுமாரியைத் திறந்து, இதெல்லாம் என்ன புத்தகம் என்று கேட்டார். ஒரு பிள்ளையின் தாய், எழுத்துக்கூடத் தெரியாத மொழியில் நடிகர் படம் சேர்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

"படிக்கிற புத்தகங்கள், மாமி."

அவர் கையில் இருந்த புத்தகத்தின் அட்டையில் ஒரு நடிகர் பெண் வேடத்தில் குடை பிடித்து நின்றார். மாமி அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நல்லது பிள்ளை," என்று மூடி வைத்தார்.

அந்த நாட்களில்தான் இணையத்தில் ஓர் அறிவிப்பைக் கண்டேன். வில்லரே பகுதியில் மதாம் ஜினெட் என்ற ஒரு வயதான பெண்மணி. ஜப்பானில் வேலை பார்த்த அவருடைய தம்பி சேர்த்த கபுகி சஞ்சிகைகள் இரண்டு பெட்டி நிறைய இருந்தன. தம்பி இறந்துவிட்டார். மதாம் சிறிய வீட்டுக்குக் குடிபோகிறார். விற்கும் எண்ணம் இல்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்குச் சும்மா கொடுப்பதாக இருந்தார். அவருடைய வீட்டு வெளிப்படிக்கட்டில் குழந்தையையும் பையையும் சுமந்துகொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினேன். எனக்கு முன்பே கியூபெக் நகரத்திலிருந்து ஒருவர் வந்துபோனாராம். வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு பக்கம் புரட்டினாராம். நான் என் கையைப் பார்த்தேன். பிஸ்கட் தூள்.

மதாம் ஜினெட் இரக்கமில்லாதவர் அல்ல. எழுபது வருடப் பழைய சஞ்சிகை ஒன்றைக் கொடுத்து, இரண்டு வாரம் வைத்திருந்து கொண்டுவா, பிறகு முடிவு சொல்கிறேன் என்றார். அதன் அட்டை முழுக்க ஒரே முகம். பெண் வேடத்தில் ஒரு நடிகர். பால் வெள்ளை, சிவந்த சிற்றுதடு, நெற்றியில் மேலேறி மங்கலாகத் தீட்டிய இரண்டு புருவங்கள். பிள்ளை பிறந்த பிறகு நான் ஆசைப்பட்டதெல்லாம் பிள்ளைக்காக. எனக்கே எனக்கு என்று ஆசைப்பட்டது அந்த இரண்டு பெட்டிகள்தான்.

சஞ்சிகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது ஒரு சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூசை வந்தது. படிக்கிற புத்தகம் எல்லாவற்றையும் பூசையில் வைத்து, மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். அதுவரை தொடக்கூடாது. மாமி நேரே அலுமாரிக்குப் போனார்.

"உம்மட படிக்கிற புத்தகங்களைத்தான் முதல் வைக்கோணும்."

நான் சொன்ன மூன்று சொற்கள் திரும்பி வந்து என் முன்னால் நின்றன. அந்த ஒன்றை மட்டும் ஒளிக்கலாமா என்று யோசித்தேன். ஒளித்தால் சரஸ்வதிக்குத் தெரியாதா? தெரிந்து, மகளுக்குப் படிப்பு வராமல் போனால்? (மகள் அப்போது சொன்ன சொற்கள் மொத்தம் ஒன்பது.) கடைசியில் ஒரு தந்திரம் செய்தேன். சஞ்சிகையைத் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உறையின் மேல் ஒரு பொட்டு வைத்து அடுக்கினேன். கடமையும் முடிந்தது, அட்டையும் தப்பியது. அன்று பகல் முழுவதும் என் புத்தியை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்து கடலை கொடுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மதாம் ஜினெட். எங்களுக்குப் பக்கத்துப் பியர்ஃபோனில் மருமகள் வீட்டுக்கு வந்திருக்கிறாராம். நாளைக்கு நான் குழந்தையோடு அலைய வேண்டாம், தானே வந்து சஞ்சிகையை எடுத்துக்கொள்கிறேன், பத்து நிமிடம் என்றார். இன்று எடுக்க முடியாது என்பதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று தடுமாறி, "மதாம், உங்கள் சஞ்சிகை இப்போது பிரார்த்தனையில் இருக்கிறது," என்றேன். பிரார்த்தனையிலா என்று அவர் இரண்டு முறை கேட்டார். பிறகு, "அப்படியென்றால் உடனே வருகிறேன்," என்றார்.

வந்தார். மாமி வரவேற்று, உட்காரவைத்து, கையில் கடலைத் தட்டைக் கொடுத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. ஆனால் என்னைவிட நன்றாகக் கதைத்துக்கொண்டார்கள். நான் மதாமைப் பூசை அறைக்குக் கூட்டிப்போனேன்.

உறையைக் காணவில்லை. புத்தக அடுக்கின் உச்சியில் அந்த முகம் வெறுமையாக இருந்தது. இல்லை, வெறுமையாக இல்லை. நெற்றியின் நட்டநடுவில், இரண்டு புருவங்களுக்கும் இடையே, வட்டமாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"மாமி, இதில பிளாஸ்டிக் ஒண்டு இருந்ததே?"

"ஓம், நான்தான் கழட்டினனான். பிளாஸ்டிக்குக்குள்ள அடைச்சு வைச்சே சரஸ்வதிக்குக் காட்டுறது?"

"பொட்டு..."

"முகம் எண்டு ஒண்டு இருக்கேக்க நெத்தியிலதானே வைக்கிறது. பேந்து என்ன, காதிலயே வைக்கிறது?"

மதாம் குனிந்து பார்த்தார். அங்கேயே நானும் ஒன்றும் செய்யாமல் நின்றிருக்க வேண்டும். ஆனால் தாயானபின் என் வலது கை எனக்குச் சொந்தமில்லை. முகத்தில் ஏதாவது ஒட்டியிருந்தால் அது தானாக வைப்ஸ் பொதிக்குப் போய்விடும். குழந்தையைத் துடைக்கிற அதே ஈர வைப்ஸ். உருவினேன். துடைத்தேன். பொட்டு இளகிச் சிவந்து பரவியது. பதற்றத்தில் இன்னும் அழுத்தித் துடைத்தேன். நெற்றி ரோஸ் நிறமானது. மூன்றாம் தடவை துடைத்தபோது ஒரு புருவம் வைப்ஸோடு வந்துவிட்டது.

அந்த நடிகர் தன் புருவத்தை மறைக்க மெழுகு தேய்த்து, வெள்ளை பூசி, மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். எனக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது.

"நாளைக்குக் காலமைதானே தொடுறது," என்றார் மாமி, மெல்ல.

என் கணவர் குழந்தையோடு வந்து எட்டிப் பார்த்தார். "நீர் துடைச்சிருக்கக் கூடாது," என்றார். அதைக் கண்டுபிடிக்க அவர் தேவைப்பட்டிருக்கவில்லை.

மதாம் ஜினெட் சஞ்சிகையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நான் அழுது தப்பியிருப்பேன். "அது காய்ந்திருந்தது," என்றார். "மெல்லிய தூரிகையால் தட்டியிருந்தால் உதிர்ந்திருக்கும். உனக்கு இவற்றின் மேல் அன்பு இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் எதையும் அதன்பாட்டில் விட உனக்குத் தெரியாது. பெட்டிகள் கியூபெக்குக்குப் போகட்டும். இதை நீயே வைத்துக்கொள்."

அவர் என்ன சொல்கிறார் என்று மாமி கேட்டார். கணவர் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். மாமி தலையாட்டினார். "சரியாத்தான் சொல்லுறா," என்றார். பிறகு ஒரு டப்பாவில் கடலை போட்டுக் கொடுத்து, மதாமை வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

நான் பூசை அறையிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுதபடியே மாமியிடம் உண்மையைச் சொன்னேன்: இவை படிக்கிற புத்தகங்கள் இல்லை, இதில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது, சும்மா பார்க்கத்தான் சேர்த்தேன்.

"எனக்கு வந்த கிழமையே தெரியும்," என்றார் மாமி. "படிக்கிற புத்தகத்தை ஆர் பிள்ளை தன்ரபாட்டில சிரிச்சுச் சிரிச்சுப் பாக்கிறது?"

"தெரிஞ்சும் ஏன் பூசையில வைச்சனீங்கள்?"

"நீர் எங்கையும் சிரிக்கிறேல்ல. அதில மட்டும்தான் சிரிக்கிறீர். அதான் முதல் வைச்சனான்."

இது நடந்து மூன்று வருடமாகிறது. இரண்டு பெட்டிகளை நினைத்தால் இன்னும் நெஞ்சு கரிக்கிறது. கையுறைக்காரர் அவற்றை நன்றாகத்தான் வைத்திருப்பார். அதை நினைத்தால் இன்னும் கூடக் கரிக்கிறது. ஒற்றைப் புருவக்காரர் ஒவ்வொரு வருடமும் பூசைக்கு வருகிறார். அவருக்கு மட்டும் மாமி பொட்டு வைப்பதில்லை. பாவம், பட்டது போதுமாம்.

என் கணவருக்கு இது வாழ்நாள் முழுவதற்கும் போதுமான பகிடி. நான் மகளின் முகத்தைத் துடைக்க வைப்ஸ் எடுக்கும்போதெல்லாம், "பிள்ளை, புருவம் கவனம்," என்பார். அவளும் பழகிவிட்டாள். இப்போது அவர் சொல்லக்கூடத் தேவையில்லை. வைப்ஸைக் கண்டதும் இரண்டு கைகளாலும் புருவங்களைப் பொத்திக்கொள்வாள்.

போன மாதம் கார்டரியில், அதுதான் அவளுடைய குழந்தைகள் காப்பகத்தில், அவளைக் கூட்டிவரப் போனபோது, ஆசிரியை என்னைத் தனியே அழைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு முகம் துடைக்கும்போது பிள்ளை ஏன் புருவத்தை மறைக்கிறாள், வீட்டில் ஏதும் நடந்ததா என்று மிக மென்மையாகக் கேட்டார். நான் பிரெஞ்சில் சரஸ்வதி, சந்தனம், கபுகி, மாமி, மதாம் ஜினெட் எல்லாவற்றையும் கால் மணி நேரம் விளக்கினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு ஒரு கொப்பியைத் திறந்து, ஒரே ஒரு வரி எழுதி மூடினார்.

அந்த வரி என்னவாக இருக்கும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.