பேட்டரிக்குக் காய்ச்சல் பார்த்தவர்

அம்பத்தூர் எஸ்டேட்டைச் சல்லடை போட்டுச் சலித்தாலும், பேட்டரிக்குக் காய்ச்சல் பார்த்த ஒரே மனிதர் எங்கள் ‘காய்ச்சல்’ அண்ணாத்தேதான். அவருடைய சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். நெஞ்சில் ஒயர் ஒட்டி இதயத்துடிப்பைப் பதிவு செய்கிற சின்னக் கருவியை எங்கள் கம்பெனி தயாரித்தது. அதற்குள் போகும் லித்தியம் பேட்டரிகளைச் சோதிப்பது அவர் வேலை. ஒவ்வொரு லோடிலும் சிலதை எடுத்துச் சூட்டுப்பெட்டியில் வைப்பார், கீழே போட்டுப் பார்ப்பார், மீட்டர் வைப்பார். எல்லாம் சரியாக இருந்தாலும், “இன்னா கண்ணு, ஒடம்பு சுடுதா?” என்று புறங்கையால் தொட்டு விசாரிக்காமல் விடமாட்டார்.

கை சும்மா இருக்குமா? பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணுடைய அப்பாவின் நெற்றியைத் தொட்டு, “ஜொரம் கீது, டாக்டராண்ட போ” என்றாராம். சம்பந்தம் அதோடு சரி. நூம்பலில் ஒற்றை அறையில் தனியாகக் கிடந்தார். “ஊட்டுல செவுத்தாண்டதான் பேசணும். இங்க வந்தா நீங்கள்லாம் கீறீங்க” என்பார். ஞாயிற்றுக்கிழமையைத் திட்டிய தொழிலாளி உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

ஒரு தீபாவளி நேரம். அவசரத்தில், சோதனை முடியும் முன்பே பேட்டரிகளை மாட்டிக் கருவிகளைப் பெட்டியில் அடைத்துவிட்டோம். எல்லோர் பையிலும் ஊருக்குப் போக டிக்கெட். சூட்டுப்பெட்டியைத் திறந்த அண்ணாத்தே ஒரு பேட்டரியைத் தடவினார். அதன் வயிறு லேசாக உப்பியிருந்தது.

“மொத்த லோடும் வாபஸ்.”

முதலாளி ஓடிவந்தார். “யோவ், ஒண்ணுதானேய்யா!”

“நோயாளிக்கும் ஒண்ணுதான் சார் மாட்டப் போறோம்.”

அவ்வளவுதான். எல்லாக் கருவியையும் பிரித்து வேறு பேட்டரி மாட்ட வேண்டும். லீவு ரத்து. “பேட்டரி மேல வெச்ச பாசம் எங்க மேல இல்லியே!” என்று வெல்டர் கத்தினான். அதன்பின் யாரும் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இப்படி ஆகும் என்று தெரிந்தேதான் செய்தார், பாவி மனுஷன்.

தீபாவளியன்று மதியம் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“போயிடு நைனா. உன்னாண்டயும் பேசமாட்டானுங்க.”

“பேசாட்டி போறானுங்க. நீ பேசு அண்ணாத்தே.”

கம்பெனிச் சங்கு ஊதும்வரை பேசினார், மனிதர். மிஷின் சத்தத்தில் பாதி என் காதில் விழவில்லை. விழாவிட்டால் என்ன, அவர் பேசிக்கொண்டே இருக்கட்டும் என்றிருந்தது எனக்கு.