பனியில் நின்ற கன்னிச்சாமி

சிக்கன் சாண்ட்விச்சை இரண்டாவது கடி கடித்தபோதுதான் நஞ்சப்பன் குருசாமியைப் பார்த்தார்.

தொண்ணூற்றேழு டிசம்பர். கலிபோர்னியாவின் சான் ரமோனில் அவர் ஆபீஸுக்கு எதிரே இருக்கிற சிக்கன் கடை. ஐயப்பனுக்கு முதன்முதலாக மாலை போட்டு இருபத்திமூன்றாம் நாள். உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் வாங்கத்தான் உள்ளே போனார். வாசனை ஆளைக் கவிழ்த்துவிட்டது. துளசி மாலையைச் சட்டைக்குள் தள்ளி, மேல் பட்டனையும் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

கண்ணாடிக்கு வெளியே, கையில் ஒரு காகிதப் பையோடு பசுபதி குருசாமி. பதினெட்டு முறை மலையேறியவர். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் பூஜை நோட்டீஸ் எடுக்க வந்திருப்பார். கண்ணும் கண்ணும் சந்தித்தன. குருசாமியின் முகம் இருண்டது. விறுவிறுவென்று காரில் ஏறிப் போய்விட்டார்.

ஊர் பஜனைக் கூட்டத்தில் குருசாமி வைத்ததுதான் சட்டம். போன வருஷம் மாரிசாமி ஒரே ஒரு சிகரெட் பிடித்ததற்கு எல்லார் முன்னிலையிலும் மாலையைக் கழற்றவைத்தார். அதன்பிறகு மாரிசாமியைக் குழந்தைகளின் பிறந்தநாளுக்குக்கூட யாரும் கூப்பிடுவதில்லை. இனி நஞ்சப்பனுக்கும் அதே கதிதான்.

அதைவிடக் கொடுமை வீட்டில். விரதம் கெடக்கூடாதென்று விடிகாலையில் குளித்துவிட்டுத் தனிப் பாத்திரத்தில் சமைக்கிற மனைவி சாந்தாமணி, "சாமி, காப்பி" என்று டம்ளரை நீட்டினாள். நஞ்சப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

நாமே முந்திக்கொள்ளலாம் என்று குருசாமி வீட்டுக்குப் போன் செய்தார். ஆன்சரிங் மெஷின்தான் எடுத்தது.

"சாமி, நஞ்சப்பனுங்க. சிக்கன் கடைல நடந்தது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறைச்சுப் பிரயோஜனம் இல்லீங்க. சனிக்கிழமை பஜனைல எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போடலாம்னு இருக்கறேன்."

சனிக்கிழமை பஜனையே கேன்சல் என்று தகவல் வந்தது. ஒரு பாவியால் ஊர் பஜனையே நின்றுபோனதே என்று நஞ்சப்பன் கூசிப்போனார்.

அன்று ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் யாமினி சரித்திரப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு போப்பாண்டவர் ஒரு ராஜாவைச் சபையை விட்டே விலக்கிவிட்டாராம். யாரும் அவன் பேச்சைக் கேட்கக்கூடாது, சொர்க்கமும் கிடையாது.

"அப்புறம் என்ன பண்ணினான்?" என்று நஞ்சப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஹி ஸ்டுட் இன் த ஸ்னோ, அப்பா. பேர்ஃபுட். த்ரீ டேஸ்."

"மன்னிச்சுட்டாரா?"

"யா. ஹி ஹேட் டு."

ஞாயிறு விடிகாலை பக்கத்து ஊரான டப்ளினில் குருசாமி வீட்டுப் புல்தரை உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. நஞ்சப்பன் வாசல் மணியை அடித்துவிட்டு, கறுப்பு வேட்டியோடு வெறுங்காலில் அதன் நடுவே போய் நின்றார். ஜன்னல் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. திங்களன்று சரணம் சொல்லிக்கொண்டே நின்றார். எதிர்வீட்டு வெள்ளைக்காரம்மா இரக்கப்பட்டுக் காலுறை கொண்டுவந்தாள். தண்டனை தண்டனைதான் என்று மறுத்துவிட்டார். வீட்டுக்குப் போனபோது கால்விரல் இருப்பதே தெரியவில்லை.

செவ்வாயன்று பொறுமை போயிற்று. கதவில் வாயை வைத்துப் பேசினார்.

"சாமி, இன்னிக்கும் தொறக்கலீன்னா நான் ஒவ்வொரு வீடாப் போயி நானே சொல்லிப்போடுவனுங்க."

உடனே தாழ்ப்பாள் விலகியது. குருசாமியின் மனைவி ருக்மிணி அழுது சிவந்த கண்களோடு நின்றாள். நஞ்சப்பன் தலையைக் குனிந்து, மாலையைக் கழற்றக் கழுத்தில் கைவைத்தார்.

ருக்மிணி இரண்டு கையையும் கூப்பினாள்.

"சாமி, அவரும் மாலையைக் கழட்டிட்டு மூணு நாளா கட்டிலை விட்டு எழுந்துக்கலை. நீங்க அவரைச் சிக்கன் கடைல பாத்ததை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்கோ."