ஒளிரக் கூடாத குழாய்

"நல்ல தண்ணிலயும் ஒளிருது சார்," என்றாள் உன்சே.

பேராசிரியர் தாக் விளக்கை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். ஒரு சோதனைக்குழாயில் ஈயம் கலந்த தண்ணீர். மற்றதில் ஆய்வகத்துக்கு வெளியே தாழ்வாரக் குழாயில் பிடித்த குடிதண்ணீர். உன்சே மரபணுக்களை மின்சுற்று போலக் கோத்து உருவாக்கியிருந்த பாக்டீரியா, ஈயம் பட்டால் மட்டுமே பச்சையாக ஒளிர வேண்டும். இரண்டுமே ஒளிர்ந்தன.

"வெள்ளிக்கிழமை மாநகராட்சிக்காரங்க முன்னாடி நான் இந்தத் தண்ணிய குடிச்சுக் காட்டணும். பச்சையா மின்னுறதையா குடிக்கச் சொல்ற?"

"காய்ச்சி வடிச்ச தண்ணில ஒளிரலையே சார்."

"அதை எவன் வீட்ல குடிக்கிறான்? வேற ஏதோ உப்பைப் பாத்து ஏமாறுது உன் பாக்டீரியா. சரி பண்ணு. இல்லன்னா உன் ஒப்பந்தத்த நீட்டிக்கச் சொல்லி நான் எந்த முகத்தோட கேக்குறது?"

தேஜோன் நகரில் மழை விடவேயில்லை. உன்சே ஒளியைத் தூண்டும் மரபணு விசையின் வேகத்தைக் குறைத்தாள். குடிதண்ணீர் மங்கலாக ஒளிர்ந்தது.

"வெக்கப்படுது அக்கா," என்றாள் சக ஆய்வாளர் கியூரிம், பார்லி டீயை நீட்டியபடி.

விசையை அடக்க இன்னொரு மரபணுவைச் சேர்த்தாள். பாக்டீரியா கூண்டோடு செத்து, கெட்டுப்போன கிம்ச்சி ஊறுகாய் போல நாறியது. மறுபடி வளர்த்து, அடக்கும் மரபணுவை அளவோடு வைத்தாள். குடிதண்ணீர் இருண்டது. ஈயத் தண்ணீரும் இருண்டது. வேறு வழியின்றி, அது ஒளிரும்வரை ஈயத்தைக் கூட்டிக்கொண்டே போனாள்.

"இவ்ளோ ஈயம்னா குடிச்சவன் விழுந்தாலே தெரிஞ்சிடும். பாக்டீரியா எதுக்கு?" என்றாள் கியூரிம்.

ஐந்து வருடம் வளர்த்ததை உன்சே தன் கையாலேயே குருடாக்கியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை எல்லாம் நன்றாகவே நடந்தது. குடிதண்ணீர் கும்மிருட்டாக இருந்தது. தாக் அதே குழாயில் பிடித்த தண்ணீரை இரண்டு கோப்பை குடித்துக் காட்டினார். கைதட்டல். ஒப்பந்தம் நீண்டது. சாவு வீட்டுக்குப் போய்வந்தவள் போல உன்சே காலிக் கோப்பையோடு தாழ்வாரத்துக்கு வந்தாள்.

குடிதண்ணீர்க் குழாயின் வாயில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டிருந்தார் கட்டடப் பராமரிப்பு அம்மா.

"உள்ள ஓடுறது பழைய ஈயக் குழாயாம்மா, தண்ணில கரைஞ்சிருக்காம். இப்பதான் சோதிச்சவங்க சொல்லிட்டுப் போனாங்க," என்றார் அவர். "நீங்க யாரும் இதைக் குடிக்கலையே?"