நெஞ்சுக்குள் குடியேறிய குரங்கு

மச்சானுக்கு,

அன்புள்ள என்று தொடங்குவதுதான் முறை. இந்தத் தடவை அந்த வார்த்தை உனக்குக் கிடையாது. அங்கே அனைவரும் நலமாக இருக்கட்டும், உன்னைத் தவிர. போனில் திட்டலாம் என்றால் என் குரலைக் கேட்டதுமே "சிக்னல் இல்ல மச்சான்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை. உட்கார்ந்து வாங்கிக்கொள்.

போன மாதம் வந்தவன், சாப்பிட்டோமா தூங்கினோமா என்று போயிருக்கக் கூடாதா? என் மகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பழைய கார்ட்டூன் போட்டுக் காட்டினாயே, கரடிக்குட்டி திருட்டு சிகரெட் பிடிக்க, அந்தப் புகை கறுப்புக் குரங்காகி அதன் நெஞ்சுக்குள் குடியேறி, "இன்னொண்ணு குடு, இன்னொண்ணு குடு" என்று மத்தளம் தட்டுமே, அந்தக் கண்றாவிதான். பிள்ளைகள் சிகரெட் தொடாமலிருக்க எடுத்த படமாம். என் பிள்ளை இரண்டாம் வகுப்பு. அவள் எங்கே தொட்டாள்? வீட்டில் தொடுகிற ஆள் நான் ஒருத்தன்தான். படம் முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள் பார், போலீஸ்காரன்கூட அப்படிப் பார்க்க மாட்டான்.

மறுநாளே என் நெஞ்சில் காதை வைத்தாள். என் கெட்ட நேரம், இருமல் வந்தது. "கூப்பிடுறான்ப்பா!" என்று அலறி ஓடினாள். கடையிலிருந்து வந்து நாற்காலியில் சாய்ந்தால் என் நெஞ்சில் ஏறிப் படுத்துத் தூங்குகிற பிள்ளை, இப்போது எட்டி நின்றுகொண்டு, "வர மாட்டேன், அவன் என்மேல தாவிடுவான்" என்கிறாள். சாப்பாட்டு டப்பாவில் தினம் ஒரு வாழைப்பழம். "உனக்கில்ல, அவனுக்கு." உன் அக்காவிடம் முறையிட்டால், பிள்ளையைப் பார்த்து "ரெண்டா வை, பெரிய குரங்கு" என்கிறாள்.

இதோடு விட்டாளா? என் கண்ணாடிக் கடைக்கு வந்து, "திரும்பி நில்லுப்பா, அசையாத" என்று ஓர் ஆளுயரக் கண்ணாடிமேல் என் முதுகைச் சாய்த்து நிறுத்தி அளவெடுத்தாள். பக்கத்தில் வந்தாளே என்ற சந்தோஷத்தில் நானும் சிலையாக நின்றேன். நான் நகர்ந்ததும் அந்த அளவில் கண்ணாடிமேல் பெயிண்டால் ஏதோ வரைந்தாள். அதற்குள் தையல் கடை ஆள் வந்து அவசரப்படுத்த, அவள் வரைந்ததைப் பார்க்காமலே காகிதம் சுற்றி, சுற்றிய காகிதத்தோடு தையல்காரர் கடையில் மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் ஒருத்தர் புதுச் சட்டையைப் போட்டுக் கண்ணாடி முன் நின்று, "நான் கட்டம் போட்ட துணிதானே குடுத்தேன், குரங்கு எங்கேருந்துய்யா வந்துச்சு?" என்று தையல்காரர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைப் பிடித்துவிட்டாராம். தின்னரும் துணியுமாக ஓடினேன். துடைக்குமுன் எதிரே நின்றேன். அவன் சரியாக என் நெஞ்சில் இருந்தான். இருமல் வந்தது. நான் குலுங்கு குலுங்கென்று குலுங்கினேன். அவன் மட்டும் அசையவில்லை, சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி. தையல்காரர் பின்னாலிருந்து, "உங்களுக்கு அளவெடுத்தே செஞ்சிருக்கு" என்றார்.

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் நீ அவளைக் கூப்பிட்டு, குரங்கும் இல்லை ஒன்றும் இல்லை, எல்லாம் சும்மா வரைந்த படம் என்று உன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என் வீட்டு வாசலை மிதிக்காதே. மிதித்தால் வாழைப்பழமாவது வாங்கிக்கொண்டு வா.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உனக்கு ஒன்றும் இல்லை.

ஆறாத கோபத்துடன்,
உன் அக்கா புருஷன்

பின்குறிப்பு: அவளைக் கூப்பிட்டுச் சொல்லித் தொலைத்துவிடாதே. தையல் கடையிலிருந்து வந்ததிலிருந்து நான் சிகரெட்டைத் தொடவில்லை. இதை மடிக்கப் போகும்போது வந்து காதை வைத்தாள். "சத்தமே இல்லப்பா. தூங்குறானா?" "ஆமாம்மா." "எழுப்பிடாத, என்ன?" என்று சொல்லி அப்படியே ஏறிப் படுத்துவிட்டாள். ஒரு கையால் எழுதுகிறேன். தொண்டையில் ஓர் இருமல் வந்து நிற்கிறது, விழுங்கிக்கொண்டிருக்கிறேன். நீ மட்டும் வாயைத் திறந்தாயோ, தெரியும் சேதி.